சாகசத்தின் துணி

பவர் ரேஞ்சர்ஸ் தொடரைப் பெரிய திரைக்காகப் புதிதாக எடுக்கத் தொடங்கியபோது, அதன் உடைகளைப் பற்றி ஒரு விளக்கம் வெளிவந்தது. 2016இல் புது உடைகளின் முதல் படங்களோடு, படத்தின் கலை வடிவமைப்பாளர் ஆண்ட்ரூ மென்சிஸ் சொன்னதன் சாரம் இது: பழைய தொடரில் பிள்ளைகள் இறுக்கமான லைக்ரா உடுப்பில் வந்தார்கள், புதிய உடை வேற்றுக்கிரகத்துப் பொருள், மனிதர் செய்ததாகத் தெரியக் கூடாது, உடம்பின் மேல் தானே வளர்ந்ததுபோல் இருக்க வேண்டும். நியூசிலாந்தின் வேட்டா பட்டறை அதை அப்படியே செய்து கொடுத்தது. ஐந்து பேரின் மேலும் படிகமும் உலோகமும் சேர்ந்தது போன்ற கவசம், மார்பின் நடுவே விளக்கு, மூட்டுக்கு மூட்டு வரிவரியான தகடு. 2017 மார்ச் 24 அன்று படம் வந்தது. தொடரோடு வளர்ந்தவர்களில் பலர் மனம் சலித்தார்கள். கதை நீளம், சண்டை குறைவு, நிறம் மங்கல் என்று அவர்கள் பல குறைகளைச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் வேர் அந்த உடையில்தான் இருக்கிறது என்பது என் வாதம். மனிதர் தைத்த உடை வேண்டாம் என்று முடிவெடுத்த நிமிடத்திலேயே அந்தத் தொடரின் கலை கைநழுவிவிட்டது.

இதைச் சொல்லத் திருப்பூருக்குத் தனி உரிமை உண்டு. 1970களின் கடைசியில் இத்தாலிய இறக்குமதியாளர் ஒருவர் வந்து ஏற்றுமதிக்கு வழி காட்டிய ஊர், இன்று ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாயை ஒட்டிய பின்னலாடையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. சாகச வீரர்களின் படம் அச்சிட்ட குழந்தைகள் பனியன்கள் அதில் ஏராளம். பவர் ரேஞ்சர்ஸ் 2000களின் நடுவில் ஜெட்டிக்ஸ் அலைவரிசையில் தமிழ்க்குரலோடு வந்தபோது, நிட்டிங் பட்டறையும் பனியன் கம்பெனியும் சூழ்ந்த தெருக்களில் அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது முப்பதை ஒட்டியிருக்கிறார்கள். அவர்களில் பலர் கட்டிங் மேசையிலும் மெர்ச்சண்டைசர் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். துணி எப்படி இழுபடும், எங்கே சுருங்கும், எந்தத் தையல் எப்போது விட்டுப்போகும் என்று அறிந்த கண்கள் அவை. அந்தக் கண்ணோடு பழைய தொடரைத் திரும்பப் பார்த்தால், விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றில் எவ்வளவு கைத்திறன் இருந்தது என்பது புலப்படும்.

தறியில் நெய்த துணியில் பாவும் ஊடும் நேர்க்கோடாக ஓடுகின்றன. இழுத்தால் நூலே நீள வேண்டும். பருத்தி நூலுக்கு அந்த நீட்சி கிடையாது. பின்னலில் நூல் எங்கும் நேராக ஓடுவதில்லை. ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைந்து, வளைந்து வளைந்து போகிறது. இழுக்கும்போது அந்த வளைவு நிமிர்கிறது, விட்டதும் மடங்குகிறது. சிங்கிள் ஜெர்சி அகலவாக்கில் நன்றாகவும் நீளவாக்கில் கொஞ்சமாகவும் கொடுக்கும். ரிப் அகலத்தில் இன்னும் தாராளம். இன்டர்லாக் கனத்து, வடிவம் மாறாமல் நிற்கும். இதோடு லைக்ரா நூலையும் சேர்த்து ஓட்டினால், நூற்றுக்கு ஐந்து பங்கு அளவிலேயே, துணி இழுபட்ட இடத்திலிருந்து பழைய வடிவத்துக்கு மீண்டுவிடும். 1958இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த இழை அது. சாகச உடுப்புகளுக்குப் பெரும்பாலும் எடுக்கும் நைலான் லைக்ரா துணி, நம் ஊர் வட்ட மெஷினில் ஓடாமல் வார்ப் நிட்டிங் முறையில் பின்னப்படுவது என்றாலும், கண்ணியின் தத்துவம் இரண்டுக்கும் ஒன்றே. இந்தத் தத்துவம் லைக்ராவுக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. 1859இல் பாரிஸ் சர்க்கஸில் தொங்கும் கம்பியிலிருந்து கம்பிக்குப் பறந்த ஜூல் லெயோட்டார், உடம்போடு ஒட்டிய ஒற்றைப் பின்னல் உடுப்பைத்தான் அணிந்தார். கைகள் தடையின்றி உயர வேண்டும், கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் தசையின் அசைவு தெரிய வேண்டும் என்ற இரண்டு தேவைகளும் அந்த ஒரு உடையில் தீர்ந்தன. பின்னர் சர்க்கஸ் பலசாலிகள் போட்ட இறுக்க உடுப்பிலிருந்துதான் 1938இன் சூப்பர்மேனும் அவனுக்குப் பின் வந்த அத்தனை பேரும் உடை எடுத்தார்கள். ஆகவே சாகச வீரனின் பின்னல் உடுப்பை, காசு இல்லாதவர்கள் செய்துகொண்ட சமாளிப்பு என்று சொல்வது வரலாற்றுக்கு ஒவ்வாது.

இனி ரேஞ்சர்களின் உடுப்பைப் பார்ப்போம். 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் தொடங்கிய மைட்டி மார்ஃபின் பவர் ரேஞ்சர்ஸின் சண்டைக் காட்சிகளில் பெரும்பகுதி, அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பானில் வந்த ஸூரேஞ்சர் தொடரிலிருந்து எடுத்தவை. ஹைம் சபானின் நிறுவனம் முகமூடி இல்லாத பள்ளிப் பிள்ளைகளின் காட்சிகளை அமெரிக்காவில் எடுத்து, முகமூடிச் சண்டைகளைப் பெரும்பாலும் ஜப்பானியப் படச்சுருளிலிருந்து ஒட்டிக்கொண்டது. இதற்கு அந்த உடையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. இளஞ்சிவப்பு ரேஞ்சருக்குக் குட்டைப் பாவாடை உண்டு. மஞ்சள் ரேஞ்சரும் அமெரிக்கத் தொடரில் பெண்தான், ஆனால் அவளுக்கு அது இல்லை. ஜப்பானியத் தொடரில் மஞ்சள் வீரன் ஆண் என்பதே காரணம். உடுப்புக்குள் இருந்த உடம்பு வேறொருவருடையது என்பதை ஒரு பாவாடையின் இன்மை காட்டிக்கொடுக்கிறது. அந்த உடம்புகள் சாதாரண உடம்புகளும் இல்லை. 1970இல் நடிகர் சன்னி சிபா தொடங்கிய ஜப்பான் ஆக்‌ஷன் கிளப்பின் வழியில் பயின்றவர்கள், உடுப்புக்குள் மட்டுமே நடிப்பதை வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர்கள். முகம் தெரியாது, குரலும் தங்களுடையதில்லை. கோபம், தயக்கம், கேலி எல்லாவற்றையும் தோளிலும் இடுப்பிலும் முழங்காலிலும் வைத்துச் சொல்ல வேண்டும். பேசும்போது தலையைச் சற்று அதிகமாக ஆட்டுவதும், கையை விரித்து நிறுத்துவதும் அதனால்தான். அதை மிகைநடிப்பு என்று சிரிப்பவர்கள், கண்ணும் வாயும் இல்லாமல் ஒரு கூற்றை உடம்பாலேயே முடிப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த நடிப்புக்குத் துணி என்ன உதவி செய்கிறது என்பதுதான் ரசிக்க வேண்டிய இடம். உடம்பு முழுவதும் ஒரே நிறம். கையுறையும் காலணியும் வெள்ளை. தூரத்திலிருந்து எடுத்த காட்சியில்கூட வீசும் கையும் உதைக்கும் காலும் தனியாகக் கண்ணில் படும். மார்பின் குறுக்கே வெள்ளைச் சாய்சதுரங்கள் வரிசையாக ஓடுகின்றன. கை உயரும்போது அந்த வரிசை மேலே இழுபட்டு, சதுரங்கள் நீள்கின்றன. உடம்பு திரும்பினால் வரிசை முறுகுகிறது. வேறொன்றும் செய்யாமலேயே உடம்பின் விசை எந்தப் பக்கம் போகிறது என்று அந்தக் கட்டங்கள் சொல்லிவிடுகின்றன. முழங்காலின் பின்புறம் மடிப்பு விழுகிறது, அக்குளில் துணி குவிகிறது. தையற்காரர் பார்வையில் இவை குறைகள். உடல் மொழி பார்ப்பவருக்கு இவை செய்திகள்: எடை எந்தக் காலில் நிற்கிறது, அடுத்த அடி எங்கிருந்து கிளம்பும் என்பதை மடிப்பு முன்கூட்டியே காட்டிவிடுகிறது. இப்படிப்பட்ட துணியில் உதைத்து, உருண்டு, மேலிருந்து குதித்தாலும் தையல் பிரியாமல் இருக்க, இணைப்பும் துணியோடு சேர்ந்து நீள வேண்டும். திருப்பூரில் ஓவர்லாக்கும் பேட்லாக்கும் இதற்காகவே இருக்கின்றன. துணி ஐந்து விரற்கடை நீளும்போது தையல் இரண்டோடு நின்றுவிட்டால் நூல் அறுந்துவிடும். உள்ளே உறுத்தாமல் தட்டையாகப் படுகிற பேட்லாக் தையலின் அருமை, விளையாட்டு உடுப்பு தைத்தவர்களுக்குத் தெரியும்.

தமிழில் பார்த்தவர்களுக்கு இன்னொரு கொடையும் கிடைத்தது. அதை யாரும் போதுமான அளவு சொன்னதாகத் தெரியவில்லை. முகமூடிக்குள் உதடு அசைவதில்லை. ஜப்பானிய உடம்பின் மேல் ஆங்கிலக் குரல் பொருந்தியதைப் போலவே தமிழ்க்குரலும் பொருந்தியது. முகமூடி இல்லாத காட்சிகளில் வாயும் வசனமும் விலகி நிற்கும் டப்பிங் சங்கடம், சண்டை தொடங்கியதும் மறைந்துவிடும். ஒவ்வொரு அத்தியாயத்தின் இருபது முப்பது நிமிடத்தில் ரேஞ்சர்கள் முழுமையாகத் தமிழர்களாக இருந்த நேரம் அவர்கள் உடுப்பில் இருந்த நேரம்தான். உள்ளே யார் என்று தெரியாததால், பார்க்கிற எந்தப் பிள்ளையும் உள்ளே தன்னை நிறுத்திக்கொள்ள முடிந்தது.

2017 படம் இதையெல்லாம் எப்படிக் கையாண்டது? இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் படத்தில், ஐவரும் உடை மாறுவதற்குக் கடைசி அரைமணி வரை காத்திருக்க வேண்டும். மாறியபின் தரையில் நடக்கும் கைகலப்பு சில நிமிடங்கள். உடனே ராட்சத எந்திரங்களுக்குள் ஏறிவிடுகிறார்கள். அங்கே முகமூடி திறந்து முகங்கள் தெரிகின்றன, சண்டையைக் கணினி எடுத்துக்கொள்கிறது. இதை இயக்குநர் டீன் இஸ்ரலைட்டின் மெத்தனம் என்று நான் கருதவில்லை. கவசம் அப்படித்தான் நடத்தும். மார்புத்தகடு குனிய விடாது. தொடைத்தகடு உயர உதைக்க விடாது. முழு உடையின் பளபளப்பில் எடை எங்கே நிற்கிறது என்று காட்ட ஒரு மடிப்பும் இல்லை. அத்தகைய உடையில் மனிதரை நெடுநேரம் சண்டையிட வைப்பது கடினம், வைத்தாலும் அது கண்ணுக்கு இன்பம் தராது. ஆகவே சண்டை குறைந்தது. சண்டை குறைந்ததால் கதை நீண்டது. உலோகச் சாயலுக்காக நிறம் அடங்கியது. ரசிகர்கள் தனித்தனியாகச் சொன்ன குறைகள் இப்படி ஒரே இடத்திலிருந்து கிளைத்தவை. பத்துக் கோடி டாலரை ஒட்டிய செலவில் எடுத்த படம் உலகெங்கும் பதினான்கு கோடி சொச்சத்தோடு நின்றது. தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுக்கும் திட்டம் கைவிடப்பட்டு, மறு ஆண்டே உரிமை ஹாஸ்ப்ரோ நிறுவனத்துக்குப் போனது.

இதற்கு நியாயமான மறுப்புகள் உண்டு. படம் வெளியான அன்று திரையரங்கு வாசலில் எடுத்த சினிமாஸ்கோர் கணிப்பில் பார்வையாளர்கள் அதற்கு 'ஏ' மதிப்பெண் தந்தார்கள். பிடிக்காத படத்துக்கு அந்த மதிப்பெண் வராது. உண்மைதான், அந்தப் படத்தில் விரும்பத்தக்கது இருந்தது. ஐந்து பிள்ளைகளுக்கும் பழைய தொடரில் இல்லாத அகவாழ்வு கிடைத்திருந்தது. ஆட்டிசம் உள்ள பில்லியாக ஆர்ஜே சைலர் நடித்த விதம், தொடரின் ரசிகர்களும் மனதாரப் பாராட்டிய ஒன்று. அந்தக் கணிப்பு முதல் நாளே ஓடி வந்து பார்த்தவர்களின் மதிப்பீடு. இரண்டாம் வாரத்தில் வசூல் பாதிக்கும் கீழே சரிந்ததையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். பிள்ளைகளின் கதை பிடித்திருந்தும், மறுமுறை பார்க்கத் தூண்டும் சண்டை அதில் இல்லை. சாகசத் தொடரின் ரசனை திரும்பத் திரும்பப் பார்ப்பதில் வளர்வது. ஒரு உதை எப்படி விழுந்தது என்று பத்தாம் முறை பார்க்கிறபோதுதான் அது கலையாகத் தெரியும்.

எல்லாம் சிறுவயது ஏக்கம், பழையதைத் தவிர எதையும் ஏற்காத மனம் என்பது அடுத்த மறுப்பு. இதை அப்படியே தள்ளிவிட முடியாது. ஏக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மாற்றத்தை வெறுப்பவர்கள் இந்த வகைத் தொடரின் ரசிகர்களாகவே இருந்திருக்க முடியாது. 1975இல் ஷோட்டாரோ இஷினோமோரியின் கோரேஞ்சரோடு தொடங்கி, ஸூரேஞ்சரையும் உள்ளடக்கிய ஜப்பானிய வரிசை, அரை நூற்றாண்டாகப் பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை வீரர்கள், உடை, எதிரி, எந்திரம் என எல்லாவற்றையும் மாற்றியது. டைனோசர் போய் நிஞ்சா வந்தது, கார் வந்தது, ரயில் வந்தது. தமிழில் எஸ்பிடி, மிஸ்டிக் ஃபோர்ஸ் என்ற பவர் ரேஞ்சர்ஸ் தொடர்களைப் பார்த்த பிள்ளைகள் ஒவ்வொரு புதுக் குழுவையும் வரவேற்றார்கள். வடிவமைப்பு எத்தனை முறை மாறினாலும் உள்ளே ஒரு உடம்பு, மேலே இழுபடும் துணி என்ற உறவு மாறவில்லை. 2023இல் நெட்ஃபிளிக்ஸில் பழைய நடிகர்கள் டேவிட் யோஸ்ட்டும் வால்டர் ஜோன்ஸும் திரும்பி வந்த சிறப்புப் படத்தில் துணி உடுப்பு மறுபடி வந்தபோது ரசிகர்கள் மகிழ்ந்ததும் அதனால்தான். ஒரு மணி நேரம்கூட ஓடாத அந்தப் படம், கோடிகளைக் கொட்டிய படத்தைவிட நிறைவு தந்தது.

மூன்றாவது மறுப்புதான் என் வாதத்துக்கு உண்மையான சோதனை. கடினமான உடையில் சாகசம் நடக்காதா? ஜப்பானிலேயே 1982இன் தொலைக்காட்சி வீரன் காவன் பளபளக்கும் உலோகத் தோற்றத்தில் வந்தானே, காமென் ரைடர் என்ற ஜப்பானியத் தொடர்களின் அண்மைக்கால வீரர்கள் மார்புக் கவசத்தோடு திரிகிறார்களே? நம்மூரில் தெருக்கூத்துக் கலைஞர்கள் மரக்கட்டையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடவில்லையா? ஆடுகிறார்கள், அற்புதமாக ஆடுகிறார்கள். கூத்து உடையைக் கூர்ந்து பாருங்கள்: கனமெல்லாம் தலையிலும் தோளிலும், இடுப்புக்குக் கீழே அடுக்கடுக்கான துணி. ஆட்டக்காரர் சுழலும்போது அந்தப் பாவாடை விரிந்து சுழற்சியைப் பெரிதாக்குகிறது, நின்றபின்னும் ஒரு கணம் சுற்றிக்கொண்டே இருந்து வேகத்தின் மிச்சத்தைக் காட்டுகிறது. காமென் ரைடர்களின் கவசமும் மார்போடும் தோளோடும் நின்று, வயிறு, முழங்கை, முழங்கால், தொடை எல்லாம் துணியாகவே இருக்கும். முகத்தருகே எடுக்கும் காட்சிகளுக்கு மினுக்கமான ஒரு உடையும், சண்டைக்கு இலகுவான இன்னொன்றும் என்று இரண்டு செய்வது அங்கே வழக்கம். எங்கே விறைக்கலாம், எங்கே இளக வேண்டும் என்று ஆடுபவரின் மூட்டிலிருந்து கணக்குப் போட்டு உருவாக்கிய உடைகள் இவை. 2017 உடையில் கடினம் இருந்தது என்பதற்காக நான் குறை சொல்லவில்லை. ஆடுபவரின் மூட்டிலிருந்து அது தொடங்கவில்லை. நின்ற நிலையில் அழகாகத் தெரிய வேண்டும் என்பதிலிருந்து தொடங்கியது. அந்தப் படத்தின் விளம்பரப் படங்களில் ஐவரும் நிற்கிற காட்சி உண்மையிலேயே கம்பீரமானது. நடக்கத் தொடங்கியதும்தான் சிக்கல்.

துணி மட்டும் திரும்பி வந்தால் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1997 செப்டம்பரிலிருந்து 2005 வரை தூர்தர்ஷனில் வந்த சக்திமானை, இந்தி புரியாத தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் ஞாயிறு நண்பகலில் விடாமல் பார்த்தார்கள். பாஷை தெரியாமல் அவர்கள் எதைப் பார்த்தார்கள்? அடர்சிவப்பும் பொன்னிறமும் கொண்ட உடுப்பில், ஒரு கையை உயர்த்தி, நின்ற இடத்தில் பம்பரமாகச் சுற்றுகிற ஒரு மனிதனை. பத்திரிகைப் புகைப்படக்காரர் கங்காதர் சக்திமானாக மாறுவதும், அவர் பறந்து கிளம்புவதும் அந்தச் சுழற்சியில் அடங்கியிருந்தன. எளிய தந்திரக் காட்சிதான். ஆனால் சுழல்வது ஒரு மனித உடம்பு என்று தெரிந்தது. ஆகவே எந்த முற்றத்திலும் ஒரு பிள்ளை அதைச் செய்து பார்க்க முடிந்தது. 2013இல் அதைத் தொலைக்காட்சிப் படமாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அது பழைய இடத்தைப் பிடிக்கவில்லை. 2024 நவம்பரில், சக்திமானாக நடித்த முகேஷ் கன்னா அதே உடுப்பில் மீண்டும் தோன்றி ஒரு முன்னோட்டம் வெளியிட்டார். சக்திமான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து, பகத்சிங், சந்திரசேகர் ஆசாத், சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரின் படங்களைப் பார்த்தபடி நாட்டுப்பற்றுப் பாடல் பாடுகிறார். பலர் முகம் சுளித்தார்கள். அவருடைய வயதைச் சுட்டிக் கேலி செய்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; அறுபத்தாறில் அந்த உடுப்பை அணிவதில் தவறென்ன. அவர் பாடத்தையும் அறிவுரையையும் முன்வைத்ததுகூடப் பழைய தொடரின் மரபுதான். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் நல்ல பழக்கம் சொல்லும் பகுதி அப்போதும் இருந்தது. ஆனால் அந்த அறிவுரை, அரைமணி நேரச் சாகசத்துக்குப் பின் வந்ததால் கேட்கப்பட்டது. இங்கே சாகசம் இல்லை. துணி இருந்தும் துணிக்கு வேலை கொடுக்கப்படவில்லை.

சக்திமானைப் பெரிய படமாக எடுப்பதாக 2022 பிப்ரவரியில் சோனி நிறுவனம் அறிவித்தது. யார் நடிப்பது என்பதைப் பற்றித்தான் அன்றிலிருந்து வாதம் நடக்கிறது. நடிகர் யாராக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உடுப்புக்குள் சண்டையிடப் போவது யார், அவருக்கு எத்தனை மாதப் பயிற்சி? உடை வெட்டப்படும்போது அவர் மேசைக்குப் பக்கத்தில் இருப்பாரா? கையைத் தலைக்கு மேல் உயர்த்தும்போது அக்குளில் துணி பிடிக்காமல் இருக்க அங்கே ஒரு சாய்சதுரத் துண்டு வைப்பார்களா, அல்லது தகடு வைத்து மூடுவார்களா? சுழற்சியைக் கேமரா தலையிலிருந்து கால்வரை, வெட்டாமல், எத்தனை நொடி காட்டும்? அடர்சிவப்புத் துணி சுழலும்போது எந்தப் பக்கம் முறுக வேண்டும் என்று சொல்லக்கூடிய கைகள் அவிநாசி சாலையிலும் பல்லடம் சாலையிலும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சிங்கிள் ஜெர்சியின் ஓரத்தையல் துவைத்தபின் ஏன் முன்பக்கம் திரும்புகிறது என்று அன்றாடம் மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்கள். படம் எடுப்பவர்கள் உடைக்கு ஆள் தேடும்போது, முதலில் அவர்களிடம் வரட்டும்.